வழிவிடச் சொல்வதற்கும் ஒரு முறை உண்டு!

"வழி விடு!"

காதிலே மாட்டிய கருவி வழியே வருகிறது கட்டளை. கையிலே சக்கரம், காலடியிலே வேகம், கண்ணெதிரே வெற்றிக்கோடு! எழுபத்தோரு சுற்றுப் பந்தயம். பெரும்பகுதியும் எல்லோருக்கும் முன்னே நின்று வந்தவன், கடைசி வளைவையும் கடந்துவிட்டான். இன்னும் ஒரு மூச்சு, வெற்றி அவனுடையது. ஆனால் காலை எடுக்கிறான் அவன். வண்டி தளர்கிறது. பின்னாலே வந்தவன் பாய்ந்து முன்னேறுகிறான். முன்னே வந்தவன் இரண்டாமவன். பின்னே வந்தவன் முதல்வன்!

கதையல்ல, தோழர்களே! 2002ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டிலே நடந்த பார்முலா ஒன் கார்ப் பந்தயம் அது. காலை எடுத்தவர் பிரேசில் நாட்டு ரூபன்ஸ் பரிச்செல்லோ. பாய்ந்து முன்னேறியவர் ஜெர்மன் நாட்டு மைக்கேல் ஷூமேக்கர். இருவரும் எதிரிகளா? இல்லை! இத்தாலிய நாட்டுப் பெராரி அணியின் இரண்டு ஓட்டுநர்கள். ஒரே கூடாரம், ஒரே கொடி, ஒரே சிவப்புச் சட்டை. கட்டளையிட்டதும் அந்த அணியின் தலைமையே!

கூடியிருந்த மக்கள் கை தட்டினரா? கூச்சலிட்டனர், ஏளனம் செய்தனர். கூசிப்போன ஷூமேக்கர், வெற்றி மேடையின் முதற்படியில் பரிச்செல்லோவைப் பிடித்து ஏற்றினார். பந்தயத்தை ஆளும் உலக மன்றம் பத்து இலட்சம் டாலர் தண்டம் விதித்தது. அதிலும் பாதியை நிறுத்தி வைத்தது. எதற்காகத் தண்டம்? வழிவிடச் சொன்னதற்காகவா? அல்ல, அல்ல! மேடையிலே படி மாறி நின்றதற்காக! வீட்டைக் கொளுத்தியவனை விட்டுவிட்டு, வாசலிலே செருப்பை மாற்றிப் போட்டவனைப் பிடித்த கதை!

அன்று எழுந்த கேள்வி இன்றும் ஓயவில்லை. ஓர் அணி, தன் இரண்டு ஓட்டுநர்களில் ஒருவனைத் தூக்கிப் பிடித்து, மற்றவனை ஒதுங்கி நிற்கச் சொல்லலாமா? சொல்லலாம் என்போரும் உண்டு. கூடவே கூடாது என்போரும் உண்டு. நம் கருத்து என்ன?

"பாட்டாளி படிக்கும் ஏட்டிலே, பணக்காரன் விளையாட்டைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்! சோழவரத்தில் பழைய விமானத் தளத்திலே பந்தயம் ஓடிய காலம் தொட்டு, இருங்காட்டுக்கோட்டைத் திடல் வந்து, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர் முதல் நாளிலும் சென்னைத் தீவுத்திடல் சாலைகளிலே இரவு விளக்கொளியில் வண்டிகள் சீறிய நாள் வரை, இந்த விளையாட்டு நம் மண்ணுக்குப் புதியதல்ல. 2005இல் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் ஓட்டுநராகக் களம் புகுந்தவர் கோவையிலே வளர்ந்த நரேன் கார்த்திகேயன். இரண்டாமவர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். நெல்லித்தோப்பிலும் முதலியார்பேட்டையிலும் பட்டறையில் வண்டிக்கு அடியே படுத்து, எண்ணெய் வழியும் முகத்தோடு வேலை பார்க்கும் நம் இளைஞன், வேலை முடிந்ததும் கைப்பேசியிலே அந்தப் பந்தயத்தைத்தான் பார்க்கிறான். பார்ப்பவன் கேட்கிறான்: "ஏன் அண்ணே, முன்னாலே போனவனை ஏன் நிறுத்தினாங்க?" பதில் சொல்ல வேண்டாமா?

வண்டி பணக்காரனுடையதாக இருக்கலாம். கேள்வி நம்முடையது. இருவர் சேர்ந்து உழைக்கும் இடமெல்லாம் எழுகிற கேள்வி இது. ஆலையிலே எழும், சங்கத்திலே எழும், கட்சியிலே எழும். "நீ ஒதுங்கு, அவன் போகட்டும்" என்று சொல்லும் உரிமை யாருக்கு? எப்போது? எதற்காக?

முதலிலே கணக்கைத் தெரிந்துகொள்வோம். பார்முலா ஒன் பந்தயத்தில் அணிக்கு இரண்டு வண்டி. ஓட்டுநருக்கு ஒரு பட்டம்; அணிக்குத் தனியே ஒரு பட்டம். இருவரும் எடுக்கும் புள்ளிகள் சேர்ந்து அணியின் கணக்கிலே ஏறும். ஆண்டு முடிவில் அணி எத்தனையாவது இடத்தில் நிற்கிறதோ, அதற்கேற்பப் பரிசுப் பணத்தின் பங்கு ஏறும், இறங்கும். அந்தப் பணத்தை எதிர்பார்த்து நிற்பவர் யார்? சக்கரம் பிடித்த இருவர் மட்டுமா? திருகாணி முடுக்குபவன், சக்கரம் மாற்றுபவன், இயந்திரம் பொருத்துபவன், சாமான் ஏற்றிய லாரியை ஓட்டுபவன் என்று நூற்றுக்கணக்கானோர்! மேடையிலே தெரிவது இரண்டு முகம். மேடைக்குப் பின்னே தெரியாமல் நிற்பவை நானூறு முகம். இதை மறந்துவிட்டு, "வீரனுக்கும் வீரனுக்கும் நடக்கும் போட்டி, நடுவிலே அணிக்கு என்ன வேலை?" என்று கேட்பது அறியாமை.

அணியே கூடாது, ஆளுக்கு ஆள் மோதட்டும் என்று விட்டால் என்ன ஆகும்? 2007ஆம் ஆண்டு மெக்லாரன் அணிக்கு ஆனது ஆகும்! அந்த ஆண்டு அந்த அணியிலே இரண்டு சிங்கங்கள். ஒருவர் பெர்னாண்டோ அலோன்சோ, இரண்டு முறை உலகப் பட்டம் வென்றவர். மற்றவர் லூயிஸ் ஹாமில்டன், அப்போதுதான் களம் புகுந்த இளைஞர். இருவரும் சமம் என்றது அணி. நல்ல சொல்தான்! ஆனால் சமம் என்று சொன்னவர்கள், சமமானவர்கள் சேர்ந்து நடப்பது எப்படி என்று முறை வகுத்தார்களா? இருவருக்கும் பகை மூண்டது. ஒருவர் வழியை ஒருவர் மறித்தனர். ஆண்டு முடிவிலே அலோன்சோவுக்கு 109 புள்ளி, ஹாமில்டனுக்கு 109 புள்ளி. பட்டம் யாருக்கு? 110 புள்ளி எடுத்த பெராரி ஓட்டுநர் கிமி ராய்க்கோனனுக்கு! ஒரே ஒரு புள்ளி! இரண்டு பூனைகள் அப்பத்துக்குச் சண்டையிட, குரங்கு தின்றுவிட்டுப் போன கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கோடி கோடியாய்க் கொட்டியவர்களுக்குத் தெரியவில்லை!

அந்தக் கடைசிப் பந்தயத்தில் பெராரி என்ன செய்தது என்பதையும் பாருங்கள். பிரேசில் நாட்டு சாவோ பாவுலோ நகரம். முன்னே சென்றவர் பெலிப்பெ மாஸ்ஸா. அந்த ஊரிலேயே பிறந்தவர். சொந்த ஊர், சொந்த மக்கள், கண்ணெதிரே வெற்றி! ஆனால் பட்டம் வெல்லும் வாய்ப்பு அவருக்கு அப்போது இல்லை. கூட்டாளி ராய்க்கோனனுக்கு இருந்தது. மாஸ்ஸா இடம் கொடுத்தார், அணி வென்றது. அதே பெராரிதான், அதே வழிவிடல்தான். 2002இல் காறித் துப்பிய உலகம், 2007இல் "இதுவல்லவோ தோழமை" என்றது. ஏன்? இந்த "ஏன்" என்ற ஒரு சொல்லிலேதான் நம் பதில் இருக்கிறது.

அறிஞர் அண்ணா நமக்குத் தந்த மூன்று சொற்கள் கடமை, கண்ணியம், கட்டுப்பாடு. மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார் அவர். கட்டுப்பாட்டை மட்டும் தனியே கழற்றி எடுத்து, அதிகாரத்தில் இருப்பவன் கையிலே சாட்டையாகக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. வரிசையைக் கவனியுங்கள்! கட்டுப்பாடு மூன்றாவதாக வருகிறது. கடமை முன்னே நிற்க வேண்டும். கண்ணியம் பக்கத்திலே நிற்க வேண்டும். பிறகுதான் கட்டுப்பாடு வாய் திறக்கலாம். "வழி விடு" என்ற கட்டளையையும் இந்த மூன்று கல்லிலே உரசிப் பார்ப்போம். பொன்னா, பித்தளையா தெரிந்துவிடும்.

முதற்கல், கடமை. வழிவிடச் சொல்வது அணிக்கு உண்மையிலேயே தேவையா?

2007இல் தேவை இருந்தது. ஒரு புள்ளியிலே பட்டம் நின்றது. 2002இல்? அது அந்த ஆண்டின் ஆறாவது பந்தயம். முந்தைய ஐந்தில் நான்கை ஷூமேக்கர் வென்றிருந்தார். ஜூலை மாதம் பிரெஞ்சு நாட்டுப் பந்தயத்திலேயே பட்டத்தை முடித்துவிட்டார். ஆண்டு முடிவிலே ஷூமேக்கருக்கு 144 புள்ளி. இரண்டாமவரான பரிச்செல்லோவுக்கு 77. கிட்டத்தட்ட இரண்டு பங்கு! நிரம்பி வழியும் குதிருக்கு, பக்கத்து வீட்டுக்காரன் அடுப்பிலே இருந்த ஒரு பிடி அரிசியை அள்ளிப் போட்டார்கள். அது தேவையல்ல, மமதை! தேவைக்குக் கேட்டால் தியாகம். தேவையின்றிக் கேட்டால் பறிப்பு.

இரண்டாம் கல், கண்ணியம். கேட்பதை நேர் நின்று கேட்கிறார்களா? கொடுத்தவனை நினைவிலே வைக்கிறார்களா?

ஆஸ்திரியாவிலே பட்ட அவமானத்துக்குப் பிறகு, 2003 முதல் இத்தகைய கட்டளைகளுக்குத் தடை போட்டது உலக மன்றம். தடை போட்டதும் நின்றதா? முன்வாசலிலே "மதுவிலக்கு" என்று பலகை, பின்வாசலிலே வரிசை! அந்தத் தடை ஏட்டிலே இருந்தபோதுதான் 2010 ஜூலை 25 அன்று ஜெர்மனியிலே நடந்தது இன்னொரு கூத்து. முன்னே சென்றவர் அதே மாஸ்ஸா. சரியாக ஓராண்டுக்கு முன், அதே நாளிலே, ஹங்கேரியில் தலையிலே அடிபட்டு உயிர் பிழைத்து மீண்டு வந்தவர். பின்னே வந்தவர், இப்போது பெராரிக்கு மாறியிருந்த அலோன்சோ. வந்தது செய்தி: "பெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார். இந்தச் செய்தி உனக்குப் புரிந்ததா?"

புரிந்ததா என்று கேட்கிறார்கள்! ஊருக்கே புரிந்தது! வழிவிட்டார் மாஸ்ஸா. கட்டளையே இல்லை என்று சாதிக்கப் பார்த்தது அணி. ஒரு இலட்சம் டாலர் தண்டம் விழுந்தது. தடையோ அடுத்த ஆண்டு முதல் நீக்கப்பட்டது. இதிலே நம்மை உறுத்துவது வழிவிட்டது மட்டுமல்ல. தடை அப்படிச் செய்ய வைத்தது என்பார்கள், இருக்கட்டும். கேட்க வேண்டியதைக் கேட்காமல், மறைமொழியிலே பேசி, குற்றத்தை அவன் கையாலேயே செய்யவைத்து, "நாங்கள் எதுவும் சொல்லவில்லையே" என்று கை விரிப்பதா தலைமை? ஆலையிலே மேஸ்திரி இப்படிப் பேசுவதை நாம் கேட்டதில்லையா? "நான் உன்னைப் போகச் சொல்லவில்லை, வேலை மட்டும் இல்லை என்றுதான் சொன்னேன்!"

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு. 2007இல் மாஸ்ஸா வழிவிட்டாரே, அந்தக் கடன் தீர்ந்ததா? தீர்ந்தது! 2008இல் பட்டம் வெல்லும் நிலையில் இருந்தவர் மாஸ்ஸா; ராய்க்கோனனுக்கு வாய்ப்பு முடிந்திருந்தது. சீன நாட்டுப் பந்தயத்திலே ராய்க்கோனன் வேகத்தைத் தணித்து, இரண்டாம் இடத்தை மாஸ்ஸாவுக்கு விட்டார். ஆண்டு முடிவிலே 98க்கு 97 என்று ஒரே புள்ளியில் மாஸ்ஸா தோற்றார் என்பது வேறு. ஆனால் நேற்று வாங்கியவன் இன்று கொடுத்தான். ஒருவனே எப்போதும் குனிந்து நிற்கவில்லை. முறை வைத்துக் குனிந்தார்கள். இதுதான் கண்ணியம்!

புதுச்சேரிக்காரராகிய நமக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு பிரெஞ்சுச் சொல்லே போதும். 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி நம் ஊரைவிட்டு இறங்கியது. சொற்கள் சில தங்கிவிட்டன. 'தொமெஸ்திக்' என்றால் வீட்டு வேலைக்காரன். பிரான்சு நாட்டைச் சுற்றி நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயத்தில், தலைவனுக்காக ஓடும் துணை ஓட்டிக்கு அதுவே பெயர்! காற்றைத் தன் மார்பிலே வாங்கித் தலைவனுக்கு வழி செய்பவன், தண்ணீர் கொண்டு வந்து தருபவன், தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பவன். 1911இல் அந்தப் பந்தயத்தை நடத்திய ஹென்றி தெக்ராஞ்ச், ஓர் ஓட்டியை இழித்துரைக்க வீசிய வசைச்சொல் அது. வசை நாளடைவில் தொழிற்பெயர் ஆகிவிட்டது!

1934ஆம் ஆண்டு அந்தப் பந்தயத்திலே ரெனே வியெத்தோ என்ற இளைஞர் இருந்தார். வயது இருபது. மலை ஏறுவதிலே அவரை மிஞ்ச ஆளில்லை. பிரெனே மலைச் சரிவிலே அணித்தலைவர் அந்தோனன் மாஞ்ஞின் சக்கரம் பழுதானது. தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார் வியெத்தோ. மறுநாளும் பழுது; ஏறி வந்த மலைவழியே திரும்பிச் சென்று, சைக்கிளையே கொடுத்தார். முதல் நாள் சக்கரத்தைக் கொடுத்துவிட்டுச் சாலையோரச் சுவரிலே அமர்ந்து அந்த இளைஞர் கண்ணீர் விட்ட படம் பிரான்சு முழுதும் பரவியது. மாஞ் வென்றார். வியெத்தோ ஐந்தாம் இடம். அந்தப் பந்தயத்தை அவர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட வெல்லவில்லை. மக்கள் மட்டும் அவரை மறக்கவில்லை. ஆனால் மக்கள் மறக்காதது அணிக்குப் போதுமா? வழிவிட்டவனுக்கு அடுத்த முறை வழி பிறக்க வேண்டாமா? கொடுத்தவனைப் புகழ்ந்து பாடிவிட்டு, கொடுத்துக்கொண்டே இரு என்பது நன்றியல்ல, தந்திரம்!

மூன்றாம் கல், கட்டுப்பாடு. அது எல்லோருக்கும் பொதுவா? கட்டளையிடுபவனையும் கட்டுப்படுத்துமா?

இதற்கு நம் நாட்டின் பெயரைத் தாங்கிய அணியே சான்று. போர்ஸ் இந்தியா! 2007இல் விஜய் மல்லையா பங்கெடுத்து வாங்கிய அணி. 2008 முதல் 2018 வரை களத்தில் ஓடியது. பெயரிலே இந்தியா, வண்ணத்திலே சில காலம் மூவண்ணம். பட்டறை இங்கிலாந்திலே சில்வர்ஸ்டோனில். பதினோர் ஆண்டில் ஒரு பந்தயத்திலேனும் ஓர் இந்திய ஓட்டுநரை ஓடவிட்டதா? இல்லை! அது கிடக்கட்டும்.

2017இல் அந்த அணியின் ஓட்டுநர்கள் இருவர். ஒருவர் மெக்சிகோவின் செர்ஜியோ பெரேஸ். அந்நாட்டுப் பெருஞ்செல்வர் குடும்பத்து நிறுவனத்தின் ஆதரவு பெற்றவர். மற்றவர் பிரெஞ்சு இளைஞர் எஸ்தபான் ஓக்கான். தந்தை ஒரு மெக்கானிக். மகனை ஓட்டுநராக்க வீட்டை விற்று, இழுவண்டியிலே குடியிருந்து, ஊர் ஊராகப் போன குடும்பம்! ஜூன் மாதம் கனடாப் பந்தயத்திலே பெரேஸ் முன்னே, ஓக்கான் பின்னே. ஓக்கானிடம் புதுச் சக்கரம், வேகம் மிகுதி. "அவனை விடு, அவன் முயலட்டும்" என்று அணி கேட்டது. பெரேஸ் இணங்கவில்லை. இருவரும் இழுபறியில் இருக்க, பின்னாலே வந்த பெராரியின் வெட்டல் இருவரையும் தாண்டிப் போய்விட்டார்! இரண்டு வாரம் கழித்து அசர்பைஜானின் பாக்கு நகரம். இருவரும் ஒருவரோடு ஒருவர் மோதினர். மேடையேறும் வாய்ப்பு மண்ணாயிற்று. ஆகஸ்டில் பெல்ஜியம். ஒரே பந்தயத்திலே இரண்டு முறை மோதல்!

அப்போதுதான் அணி எழுந்தது. இனி ஒருவரோடொருவர் மோதக் கூடாது, அணி சொன்னபடிதான் ஓட வேண்டும் என்றது. சரியான முடிவு என்கிறோம் நாம்! இருவர் வீறாப்புக்கு நானூறு குடும்பத்தின் சோற்றைப் பணயம் வைக்க முடியுமா? அந்த ஆண்டு 187 புள்ளியோடு அணி நான்காம் இடம் பிடித்தது. பெருஞ்செல்வன் ஆதரவு பெற்றவனுக்கும் மெக்கானிக் மகனுக்கும் ஒரே சட்டம். இருவருக்கும் ஒரே கட்டுப்பாடு. அதனால் அது நியாயமான கட்டுப்பாடு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2018இல் கடனிலே மூழ்கியது அணி. கனடாச் செல்வர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான கூட்டம் அதை வாங்கியது. தொழிலாளர் வேலையும் தப்பியது. அதற்கு நன்றி சொல்லலாம். 2019 வந்தது. ஓட்டுநர் இருக்கை இரண்டு. ஒன்றிலே பெரேஸ். மற்றொன்றிலே? ஓக்கானா? இல்லை! உரிமையாளரின் மகன் லான்ஸ் ஸ்ட்ரோல்! மெக்கானிக் மகன் தெருவிலே நின்றார். அந்த ஆண்டு முழுதும் அவருக்குப் பந்தய இருக்கை இல்லை. 2020 வந்தது. அடுத்த ஆண்டுக்குப் புதிய ஓட்டுநர் வேண்டும் என்று, இரண்டில் ஒருவரை வெளியே அனுப்ப முடிவாயிற்று. போனவர் யார்? மகனா? பெரேஸ்! ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். முடிவு அறிவித்த பின் டிசம்பர் 6 அன்று பஹ்ரைனிலே நடந்த பந்தயத்தை யார் வென்றார் தெரியுமா? வெளியே அனுப்பப்படவிருந்த அதே பெரேஸ்! இரண்டாமவர் யார்? இருக்கையை இழந்து வேறு அணிக்குப் போய்ச் சேர்ந்த ஓக்கான்! மூன்றாமவர்? மகன் ஸ்ட்ரோல்! மூவரும் ஒரே மேடையிலே, வரிசையாக! மேடை ஒரு வரிசையைச் சொன்னது. உரிமையாளர் வீடு வேறு வரிசையைச் சொன்னது.

மகனுக்குத் திறமையே இல்லை என்று சொல்லமாட்டோம். மூன்றாம் இடம் எளிதல்ல. நாம் கேட்பது இதுதான். பந்தயத்தின் நடுவிலே வழிவிடச் சொல்வதைப் பற்றி ஊரெல்லாம் வாதாடுகிறார்களே, பந்தயம் தொடங்குமுன்பே, இருக்கை பங்கிடும்போதே ஒருவனை முதல்வனாகவும் மற்றவனை ஏவலாளாகவும் எழுதி வைக்கிறார்களே, அதைக் கேட்பவர் யார்? நடுவிலே கேட்கும் தியாகத்துக்குக் காரணம் சொல்லலாம். பிறப்பிலே எழுதிய தாழ்வுக்கு என்ன காரணம்? அதற்கு நம் நாட்டிலே பழைய பெயர் ஒன்று உண்டு. வருணாசிரமம் என்பது அதன் பெயர்!

பணப்பையும் அப்படித்தான். 2011இல் நம் நரேன் கார்த்திகேயன் எச்.ஆர்.டி. என்ற சிறிய அணியிலே ஓடினார். ஆண்டின் நடுவிலே அவர் இருக்கை, பெரிய அணி ஒன்றின் ஆதரவோடு வந்த டேனியல் ரிக்கார்டோவுக்குப் போயிற்று. நரேனுக்கும் ஆதரவு நிறுவனங்கள் இருந்தன. அந்தக் களத்திலே பணப்பை பேசாத இருக்கை அரிது. அக்டோபர் 30ஆம் நாள் தில்லிக்கருகே நடந்த முதல் இந்தியப் பந்தயத்துக்கு அவர் திரும்ப அழைக்கப்பட்டார். ஒரே அணி, ஒரே வகை வண்டி. நரேன் 17ஆம் இடம்; ரிக்கார்டோ 18! பின்னாளிலே பெரிய பந்தயங்களை வென்ற ரிக்கார்டோதான் அவர். ஒரு நாள் கணக்கை வைத்து யார் பெரியவர் என்று முடிவு கட்டவில்லை நாம். ஓடவிட்டுப் பார், பிறகு வரிசை எழுது என்கிறோம்.

ஓடவிட்டுப் பார்த்து, முறை சொல்லி நடந்தால் பலன் உண்டா? 2007இல் ஒரு புள்ளியிலே தோற்ற அதே மெக்லாரனைப் பாருங்கள். 2025இல் லாண்டோ நோரிஸ், ஆஸ்கார் பியாஸ்திரி என்ற இருவரையும் சமமாக ஓடவிட்டது. செப்டம்பரில் இத்தாலியிலே மொன்சாப் பந்தயம். நோரிசின் வண்டிக்குச் சக்கரம் மாற்றும்போது தாமதம், தவறு அணியினுடையது. அதனால் முந்திக்கொண்டார் பியாஸ்திரி. இடத்தைத் திருப்பிக் கொடு என்றது அணி. பியாஸ்திரிதான் அப்போது பட்ட வரிசையில் முதல்வர்! "தாமதமும் பந்தயத்தில் ஒரு பகுதி என்றுதானே பேசினோம்?" என்று வாய்விட்டுக் கேட்டார், கேட்டுவிட்டுக் கொடுத்தார். இரண்டாம் இடத்துக்கு 18 புள்ளி, மூன்றாம் இடத்துக்கு 15. ஆண்டு முடிவிலே நோரிசுக்கு 423, எதிரணி வெர்ஸ்டாப்பனுக்கு 421. அந்த மூன்று புள்ளியைக் கழித்துப் பாருங்கள். பட்டம் எங்கே போயிருக்கும்? பியாஸ்திரியின் கேள்வியிலே நியாயம் இருந்தது, அதை மறுக்கமாட்டோம். ஆனால் கேட்க உரிமை இருந்தது, கேட்கப்பட்டது. அவர் பணிந்தது அடிமையாக அல்ல.

இனி நம் வீட்டுக்கு வருவோம். புதுச்சேரிச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடப்பது முப்பது தொகுதிகளுக்கு. தொண்டர்களோ ஆயிரம் ஆயிரம். தேர்தல் வந்தால் பங்கீடு வரும். கூட்டணித் தோழனுக்கு இடம் விட வேண்டி வரும். இருபது ஆண்டு சுவரெழுதியவனிடம், முப்பது ஆண்டு கொடி கட்டியவனிடம், "இந்த முறை வழி விடு" என்று சொல்ல வேண்டி வரும். அவனும் விடுவான். கண் கலங்கினாலும், மறுநாள் காலை அந்தக் கூட்டணித் தோழனுக்கே வாக்குக் கேட்டுப் படியேறுவான். தியாகம் இந்த மண்ணுக்குப் புதிதா? 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை கேட்ட இவ்வூர் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்கு நெஞ்சைக் கொடுத்தார்களே! வென்ற உரிமையை அனுபவித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். அவர்கள் விட்ட வழியிலேதான் நாம் நடக்கிறோம்.

அப்படிப்பட்டவனிடம் வழி கேட்கும்போது, மூன்று கல்லையும் கையிலே வைத்துக் கேட்க வேண்டும். இயக்கத்துக்கு உண்மையிலேயே தேவையா என்று பார்த்துக் கேட்க வேண்டும். ஆள் விட்டுச் சொல்லாமல், மறைமொழி பேசாமல், அவன் தோளிலே கை வைத்து, காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். அடுத்த முறை அவன் பெயரை மறவாதிருக்க வேண்டும். எவனுடைய மைத்துனனுக்காகவோ, எவனுடைய பணப்பைக்காகவோ அவனை ஒதுக்கிவிட்டு, அதற்குக் கட்டுப்பாடு என்று பெயர் சூட்டக் கூடாது! பணியச் சொல்லும் இடத்தில் இருப்பவன், தன் முறை வரும்போது தானும் பணியத் தயாராக இருக்க வேண்டும். இதை எதிர்க்கட்சிக்காரனுக்கு மட்டும் சொல்லவில்லை நாம். கிளையிலும் வட்டத்திலும் பொறுப்பிலே இருக்கும் நம் தோழர்களுக்குச் சொல்கிறோம். நமக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறோம்.

முடிக்குமுன் ஒரு காட்சி. 2021 ஆகஸ்டு முதல் நாள். ஹங்கேரி. பிரெஞ்சு அணியான ஆல்பைன் வண்டியிலே முன்னே போகிறார் ஓக்கான். ஆம்! வீட்டை விற்ற மெக்கானிக்கின் மகன். இருக்கை பறிபோய் ஓராண்டு வெளியே நின்றவர். பின்னாலிருந்து புயலாய் வருகிறார் ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஹாமில்டன். விட்டால் ஓக்கானைப் பிடித்துவிடுவார். குறுக்கே நிற்கிறது இன்னொரு ஆல்பைன் வண்டி. சுற்றுக்குப் பின் சுற்றாக, கிட்டத்தட்ட பத்துச் சுற்று, ஹாமில்டனைத் தாண்டவிடாமல் தடுத்து நிறுத்துகிறார் அதை ஓட்டுபவர். கடைசியில் ஹாமில்டன் தாண்டியபோது நேரம் கடந்துவிட்டது. மூன்று வினாடிக்கும் குறைவான இடைவெளியிலே அவரைப் பின்னே வைத்து, ஓக்கான் தம் முதல் வெற்றியைப் பெற்றார்.

தடுத்து நின்றவர் யார்? பெர்னாண்டோ அலோன்சோ! 2010இல் மாஸ்ஸா விட்ட வழியிலே முன்னேறிய அதே அலோன்சோ. அன்று வாங்கியவர், இன்று கொடுத்தார். பட்டம் இரண்டு பெற்ற மூத்தவர், ஒன்றும் பெறாத இளையவனுக்காகக் கோட்டையாக நின்றார்.

அப்படி நிற்கும் மூத்தவர்கள் இருக்கும் அணியிலே, "வழி விடு" என்ற சொல் கசக்காது. மெக்கானிக்கின் மகனுக்கும் ஒரு நாள் வழி பிறக்கும் என்ற நம்பிக்கை இருந்தால், எந்தத் தொண்டனும் வழிவிடத் தயங்கமாட்டான். அந்த நம்பிக்கையைக் காப்பது தலைமையின் கடமை. காக்கத் தவறினால், கட்டளைகள் காற்றிலே போகும். வண்டிகள் ஒன்றோடொன்று மோதும். வெற்றி மூன்றாமவனுக்குப் போகும்!